மணிக்கு 1,000 லிட்டர் பாஸ்டுரைசர்: 15 வினாடியை அளந்து பார்த்து எழுதிய மதிப்பீடு

மணிக்கு 1,000 லிட்டர் பாலைச் சூடாக்கிக் குளிரவைக்கும் பிளேட் வகைப் பாஸ்டுரைசர் ஒன்றை எங்கள் பால் பண்ணையில் நிறுவி, கோடையிலும் மழைக்காலத்திலும் ஓட்டிப் பார்த்த பிறகே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். தயாரித்த நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. ஏறத்தாழ இதே அமைப்பில் பல பட்டறைகள் இயந்திரம் செய்து விற்கின்றன; இங்கே சொல்லப்படும் நிறைகளும் குறைகளும் பெரும்பாலும் அந்த வகை முழுமைக்கும் பொருந்தும். சிறு பண்ணை நடத்துபவர்களும், கூட்டுறவுச் சங்கங்களுக்காக இயந்திரம் தேர்வு செய்பவர்களும் இதைத் தங்கள் இயந்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இத்தகைய இயந்திரத்தை வாங்கப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் நான்கைந்துதான். எஃகு 304 தரமா 316 தரமா, வெப்பத்தில் எத்தனை விழுக்காடு மீட்கப்படுகிறது, விறகுக் கொதிகலனோடு ஓடுமா, கேஸ்கட் உள்ளூரில் கிடைக்குமா, திரையில் வெப்பநிலை பதிவாகுமா என்பவை அவை. எல்லாமே கேட்க வேண்டிய கேள்விகள்தாம். இந்த இயந்திரம் அவை எல்லாவற்றுக்கும் நல்ல பதிலையே தருகிறது. ஆனால் பாஸ்டுரைசர் என்ற பெயருக்கு அதைத் தகுதியாக்குவது, சூடான பால் சூடாகவே எவ்வளவு நேரம் குழாய்க்குள் இருக்கிறது என்பதுதான். அந்த நேரத்தை விற்பவரும் அளந்து காட்டுவதில்லை, வாங்குபவரும் அளந்து காட்டச் சொல்வதில்லை. ஆகவே இந்த மதிப்பீட்டின் பெரும்பகுதி அந்த ஒரு விஷயத்தைப் பற்றியதாகவே இருக்கும்.

நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, பாலை 63 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைத்திருக்கலாம், அல்லது 71.5 டிகிரியில் 15 வினாடி வைத்திருக்கலாம். பிளேட் இயந்திரங்கள் இரண்டாம் வழியைப் பின்பற்றுபவை. இந்த விதி சராசரிப் பாலைப் பற்றிப் பேசவில்லை, பாலின் ஒவ்வொரு துளியையும் பற்றிப் பேசுகிறது. அண்டாவில் வைத்துக் காய்ச்சும்போது இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது, ஏனெனில் முழுப் பாலும் அதே 30 நிமிடத்தை அங்கேயே கழிக்கிறது. ஓடிக்கொண்டே இருக்கும் பாலின் நிலை வேறு. ஒரே நொடியில் குழாய்க்குள் நுழையும் பால் முழுவதும் ஒரே நொடியில் வெளியே வருவதில்லை. நடுவில் ஓடுவது முந்துகிறது, சுவரை ஒட்டி ஓடுவது பிந்துகிறது. இப்படி வெவ்வேறு துளிகள் உள்ளே தங்கும் நேரம் எவ்வாறு பரவிக் கிடக்கிறது என்பதைத்தான் வேதிப் பொறியியலில் தங்கும் நேரப் பரவல் என்கிறோம்.

இந்தக் கருத்தை ஒழுங்கான கணிதமாக்கித் தந்தவர் பீட்டர் டான்க்வெர்ட்ஸ். 1953இல் அவர் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இன்றும் இத்துறையின் அடித்தளமாக இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் விழுந்து வெடிக்காமல் கிடந்த கண்ணிவெடிகளைச் செயலிழக்கச் செய்ததற்காக ஜார்ஜ் கிராஸ் விருது பெற்றவரும் அவரே. மும்பையில் வேதித் தொழில்நுட்பத் துறையை வளர்த்தெடுத்த பேராசிரியர் எம். எம். சர்மா கேம்பிரிட்ஜில் இவரிடம் ஆய்வு செய்தவர் என்பதால், நம் நாட்டு வேதிப் பொறியாளர்கள் பலருக்கு இவர் ஆசிரியருக்கு ஆசிரியர் என்ற உறவும் உண்டு. இயந்திரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்காமல், நுழைவாயிலில் ஓர் அடையாளப் பொருளைச் செலுத்தி, அது வெளியே எப்போது, எந்த அளவில் வருகிறது என்று பார்த்தாலே போதும் என்பது அவர் காட்டிய வழியின் சாரம்.

பரவல் ஏன் முக்கியம் என்பதை ஒரு கணக்கால் காட்டிவிடலாம். ஒரு நுண்ணுயிர் குறிப்பிட்ட வெப்பநிலையில் 15 வினாடியில் லட்சத்துக்கு ஒன்றாகக் குறைகிறது என்றும், அது காலத்தோடு அடுக்குக்குறி முறையில் மடிகிறது என்றும் வைத்துக்கொள்வோம். எல்லாப் பாலும் சரியாக 15 வினாடி தங்கினால் லட்சத்தில் ஒன்று பிழைக்கும். அதே 15 வினாடி சராசரியாக மட்டும் அமைந்து, பால் கலக்கமின்றி அடுக்கடுக்காக வழுக்கி ஓடுமானால், நடுப்பகுதிப் பால் ஏழரை வினாடியிலேயே வெளியேறிவிடும். பிழைப்பவை லட்சத்தில் சுமார் 75 ஆகிவிடும். அதே சராசரி நேரம் நன்றாகக் கலக்கப்படும் ஒரு தொட்டியில் கிடைத்தால், நுழைந்த மறுகணமே வெளியேறும் பாலும் உண்டு என்பதால், லட்சத்தில் சுமார் 8,000 பிழைக்கும். மூன்றிலும் வெப்பநிலை ஒன்றே, சராசரி நேரமும் ஒன்றே. வேறுபடுவது பரவல் மட்டும்தான். வெப்பநிலையைப் பதிவு செய்யும் கருவி இந்த மூன்றையும் வேறுபடுத்திக் காட்டாது.

இனி இந்த இயந்திரத்தின் ஹோல்டிங் டியூப்பை, அதாவது சூடான பாலைச் சூடாகவே 15 வினாடி தங்க வைக்கும் குழாயைப் பார்ப்போம். 22 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள எஃகுக் குழாய், கொண்டை ஊசி வளைவுகளாக மடக்கப்பட்டு, இயந்திரச் சட்டத்தின் பக்கவாட்டில் பொருத்தப்பட்டிருந்தது. மொத்த நீளம் 11 மீட்டர். குறுக்குப் பரப்பு 3.8 சதுர சென்டிமீட்டருக்குச் சற்றே மேல். கொள்ளளவு ஏறக்குறைய 4.2 லிட்டர். மணிக்கு 1,000 லிட்டர் என்பது வினாடிக்கு 0.28 லிட்டர் என்பதால், கொள்ளளவை ஓட்ட வேகத்தால் வகுத்தால் 15 வினாடிக்குச் சற்றே மேல் வருகிறது. தயாரிப்பாளரின் கணக்குத் தாளிலும் இதே வகுத்தல்தான் இருந்தது. அதற்குக் கீழே "15 வினாடிக்கு மேல், விதிக்கு உட்பட்டது" என்ற குறிப்பும் இருந்தது. வகுத்தலில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த விடை சராசரி நேரம். விதி கேட்பது முந்தி வரும் பாலின் நேரம்.

எவ்வளவு முந்தும் என்பது ஓட்டத்தின் தன்மையைப் பொறுத்தது. 72 டிகிரியில் பாலின் பிசுக்கம் (பாகுத்தன்மை) நன்றாகக் குறைந்து 0.7 மில்லிபாஸ்கல் வினாடியை ஒட்டி இருக்கும். இந்தக் குழாயில் பால் வினாடிக்கு 73 சென்டிமீட்டர் ஓடுகிறது. ஓட்டம் அடுக்கடுக்காக வழுக்குமா, கொந்தளிக்குமா என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண் 20,000க்கு மேல் வருகிறது. அப்படியானால் ஓட்டம் கொந்தளிப்பானது, சுழல்கள் நிறைந்தது. இது நமக்குச் சாதகம். கொந்தளிப்பு ஓட்டத்தில் நடுக்கோட்டு வேகம் சராசரியைவிடச் சுமார் 20 முதல் 25 விழுக்காடு மட்டுமே அதிகம். அதோடு எந்தத் துளியும் நடுக்கோட்டிலேயே கடைசி வரை ஓடுவதில்லை, சுழல்கள் அதைச் சுவரோரம் தள்ளி மீண்டும் நடுவே கொண்டுவருகின்றன. கொந்தளிப்பு ஓட்டத்தில் ஒரு பொருள் குழாயின் நெடுக எவ்வளவு பரவும் என்பதற்கு ஜி. ஐ. டெய்லர் 1954இல் தந்த வாய்பாட்டை இந்தக் குழாய்க்குப் பொருத்தினால், பரவலின் திட்ட விலக்கம் அரை வினாடி அளவில் வருகிறது. நடுக்கோட்டு வேகத்தை மட்டும் நம்பிக் கணக்கிட்டால் முதல் பால் 12 வினாடியில் வரும். டெய்லரின் கணக்குப்படி 13.5 வினாடியை ஒட்டி வரும். எப்படிப் பார்த்தாலும் 15 வராது.

கணக்கோடு நிற்காமல் அளந்தும் பார்த்தோம். இதற்கு அமெரிக்கப் பால் விதிகளில் நெடுங்காலமாக இருக்கும் உப்புச் சோதனை எளிதானது. சிறு பண்ணையிலும் செய்யக்கூடியது. ஹோல்டிங் டியூப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் மின்கடத்தல் அளக்கும் மின்முனைகளைப் பொருத்தி, பாலுக்குப் பதில் தண்ணீரை அதே வேகத்தில் ஓட்டி, தொடக்கத்தில் நிறைவுற்ற சமையல் உப்புக் கரைசலைச் சட்டென்று செலுத்த வேண்டும். முதல் மின்முனை உப்பை உணரும் கணத்துக்கும், இரண்டாம் மின்முனை அதை முதன்முதலாக உணரும் கணத்துக்கும் இடைப்பட்ட காலமே விதி கேட்கும் நேரம். உச்சத்தை அல்ல, முதல் அசைவைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதே இச்சோதனையின் உயிர். அடுத்தடுத்த ஆறு அளவுகள் அரை வினாடிக்குள் ஒத்துப்போக வேண்டும் என்றும் அந்த விதி சொல்கிறது. நாங்களும் அதையே பின்பற்றினோம். 11 மீட்டர் குழாயில் முதல் உப்பு 13.5 வினாடியை ஒட்டியே வந்து சேர்ந்தது. டெய்லரின் வாய்பாடும் எங்கள் மின்முனையும் இவ்வளவு நெருக்கமாக ஒத்துப்போனது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. குழாயின் நீளம் போதாது என்பது அதே அளவுக்குத் தெளிவாயிற்று.

இந்த இடத்தில் தயாரிப்பாளரைப் பாராட்டியே ஆக வேண்டும். வரைபடத்தையும் பதிவுகளையும் அனுப்பியவுடன் அவர்களுடைய பொறியாளர் விவாதம் செய்யாமல் விஷயத்தை ஏற்றுக்கொண்டார்; ஒரு வளைவும் இரண்டு நேர்க்குழாய்களும் சேர்த்து நீளத்தை 13 மீட்டராக்கித் தந்தார்கள். சராசரி நேரம் ஏறக்குறைய 18 வினாடி ஆயிற்று. மீண்டும் அளந்தபோது முதல் உப்பு 16 வினாடிக்குப் பிறகே தலைகாட்டியது. இரண்டு மீட்டர் குழாயின் விலை இயந்திரத்தின் மொத்த விலையில் ஒரு பொருட்டே அல்ல. வாங்குபவர்கள் ஆணை கொடுக்கும்போதே, முதல் துளி 15 வினாடிக்கு முன் வரக்கூடாது என்றும், அதை உப்புச் சோதனையால் நிறுவிக் காட்ட வேண்டும் என்றும் எழுத்தில் கேட்டுவிட்டால், இந்தத் திருத்தமே தேவைப்படாது.

இத்தனை சிரமம் எதற்கு, வெப்பநிலையை 76 அல்லது 78க்கு ஏற்றிவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பல பண்ணைகளில் நடைமுறையும் அதுதான். சில டிகிரி கூடினாலே நுண்ணுயிர்கள் பன்மடங்கு வேகமாக மடியும் என்பது உண்மை. ஆகவே அந்த வழி ஆபத்தானது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அது அளக்கப்படாத ஒரு குறையை அளக்கப்படாத ஓர் உபரியால் மூடுவதாகும். கூடுதல் வெப்பத்துக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும், பிளேட்டில் படிவு சீக்கிரம் கட்டும், பாலில் காய்ச்சிய வாடை ஏறும். குழாயைச் சரியான நீளத்தில் வைத்துவிட்டு, அதன் மேல் ஒன்றிரண்டு டிகிரியைப் பாதுகாப்புக்காகக் கூட்டிக்கொள்வது வேறு விஷயம். நாங்கள் அப்படித்தான் ஓட்டுகிறோம். பச்சைப் பாலில் உள்ள பாஸ்பட்டேஸ் நொதி சூட்டில் அழிந்துவிட்டதா என்று பார்க்கும் பாஸ்பட்டேஸ் சோதனை எதிர்மறையாக வந்தாலே எல்லாம் சரி என்ற எண்ணமும் முழுமையானதல்ல. அந்தச் சோதனை அன்றன்று ஓடிய பாலுக்குச் சான்று; குழாய் உப்புச் சோதனையில் தேறுவது எல்லா நாளைக்குமான சான்று. இரண்டும் வேண்டும்.

ஹோல்டிங் டியூப்பின் மற்ற அம்சங்களில் இந்த இயந்திரம் நன்றாகவே செய்யப்பட்டிருக்கிறது. குழாய் ஓட்டத் திசையில் மீட்டருக்கு 2 சென்டிமீட்டருக்குச் சற்று மேலாகச் சீராக ஏறிக்கொண்டே போகிறது. தாங்கிகள் இறுக்கமாகப் பற்ற வைக்கப்பட்டிருப்பதால் இந்தச் சாய்வு நாளடைவில் மாறாது. சாய்வு இல்லாத குழாயின் மேற்புறத்தில் காற்று தேங்கும்; காற்று அடைத்துக்கொண்ட இடம் பாலுக்கு இல்லாமல் போகும்; மீதமுள்ள இடத்தில் பால் வேகமாக ஓடித் தன் நேரத்தைக் குறைத்துக்கொள்ளும். வெப்ப உணரியைக் குழாயின் முடிவில், திருப்பு வால்வுக்கு நேர் முன்னால் வைத்திருக்கிறார்கள். அதுவே சரியான இடம். வெப்பநிலை வரம்புக்குக் கீழே இறங்கியதும் வால்வு ஒரு வினாடிக்குள் திரும்பிப் பாலை மீண்டும் பேலன்ஸ் டேங்குக்கு, அதாவது இயந்திரத்துக்குள் போகும் பால் முதலில் சேரும் தொட்டிக்கு அனுப்புகிறது. நீராவியை வேண்டுமென்றே குறைத்துப் பலமுறை சோதித்தும் அது தவறவில்லை.

பம்பு அமைப்பில்தான் எனக்கு மனநிறைவு இல்லை. இதில் இருப்பது மையவிலக்குப் பம்பு. வேகத்தை மின்னணுக் கட்டுப்பாட்டால் கூட்டவும் குறைக்கவும் முடியும். கட்டுப்பாட்டுத் திருகு பலகையின் முகப்பிலேயே, பூட்டு எதுவும் இல்லாமல் இருக்கிறது. மாலைப் பால் தாமதமாக வரும் நாளில் வேலையைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று ஓட்டுபவர் அதைத் திருப்பினால், மணிக்கு 1,200 லிட்டர் வரை இயந்திரம் தடையின்றி ஓடும். கொதிகலனில் நீராவி போதுமான அளவு இருந்தால் வெப்பநிலையும் குறையாது, எந்த எச்சரிக்கை மணியும் ஒலிக்காது. ஆனால் நீட்டிய பிறகும்கூட இந்தக் குழாயில் அந்த வேகத்தில் சராசரியே 15 வினாடியாகச் சுருங்கிவிடும், முதல் பால் 13.5 வினாடியில் வெளியேறும். மையவிலக்குப் பம்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிளேட் சுத்தமாக இருக்கும் விடியற்காலையில் எதிர்ப்பு குறைவு, ஓட்டம் கூடும். படிவு கட்டிய பிறகு குறையும். ஆகவே நேரச் சோதனையைச் சுத்தமான பிளேட்டோடு, பம்பு தரக்கூடிய மிகைவேகத்தில்தான் செய்ய வேண்டும். நாங்கள் கட்டுப்பாட்டின் மேல் வரம்பை உள்ளேயே நிர்ணயித்து, முத்திரையிட்டுவிட்டோம். இதைத் தயாரிப்பாளரே செய்து அனுப்ப வேண்டும். சற்று அதிக விலையானாலும், ஒவ்வொரு சுற்றுக்கும் குறித்த அளவையே தள்ளும் நேரிடைப் பெயர்ச்சிப் பம்பு உள்ள வகையைக் கேட்டு வாங்குவது நல்லது என்பது என் கருத்து.

பேலன்ஸ் டேங்க் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் பண்ணையின் அன்றாட வரவு செலவு தங்கும் நேரத்தோடு நேராக மோதும் இடம் அதுதான். இதில் 100 லிட்டர் தொட்டி வைத்திருக்கிறார்கள். காலையில் இயந்திரம் தண்ணீரில் சூடேற்றப்படுகிறது. பிறகு பாலுக்கு மாற்ற வேண்டும். தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும்போதே பாலைத் திறந்துவிட்டால், மேலிருந்து விழும் பால் அதைக் கலக்கிவிடும். அந்த நிலையில் அது ஏறக்குறைய முழுக் கலவைத் தொட்டியைப் போலவே நடந்துகொள்ளும். 100 லிட்டரை மணிக்கு 1,000 லிட்டரால் வகுத்தால் சராசரித் தங்கும் நேரம் 6 நிமிடம். முழுக் கலவைத் தொட்டியில் ஒரு சராசரி நேரம் கழிந்த பின்னும் பழைய தண்ணீரில் 37 விழுக்காடு மிஞ்சியிருக்கும்; மூன்று மடங்கு நேரம் கழிந்தாலும் 5 விழுக்காடு இருக்கும். ஒரு விழுக்காட்டுக்குக் கீழே இறக்க 27 நிமிடத்துக்கு மேலாகும். அதற்குள் 460 லிட்டர் பால் தண்ணீர் கலந்து வீணாகிப் போயிருக்கும். மணிக்கு 1,000 லிட்டர் ஓட்டும் பண்ணைக்கு இது சிறிய இழப்பு அல்ல.

தொட்டியின் மட்டத்தை 10 லிட்டருக்கு இறக்கிவிட்டு அதே மாற்றத்தைச் செய்தால் சராசரி நேரம் 36 வினாடியாகிவிடுகிறது. ஒரு விழுக்காட்டை எட்டுவதற்கு மூன்று நிமிடம்கூடத் தேவையில்லை. கலவையாகப் போவது 46 லிட்டர் மட்டுமே. பத்தில் ஒரு பங்கு. இந்த இயந்திரத்தின் பெரிய நிறை இங்கேதான் இருக்கிறது: தொட்டியின் அடி கூம்பு வடிவில் அமைந்து முழுவதும் வடியக்கூடியதாக இருக்கிறது, மிதவையின் உயரத்தையும் எளிதில் இறக்கி நிறுத்தலாம். தட்டையான அடியுள்ள தொட்டிகளில் இதைச் செய்ய முடியாது. பம்பு காற்றை உறிஞ்சத் தொடங்கிவிடும். ஆனால் இயந்திரத்தோடு வந்த கையேட்டில் இந்த வசதியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தொட்டியை நிரப்பிவிட்டுப் பாலைத் திறக்கவும் என்றே எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு நல்ல தொட்டியைச் செய்தவர்கள் அதன் பயனைச் சொல்லாமல் விட்டது வருத்தம் தருகிறது. மாலையில் பாலைத் தண்ணீரால் தள்ளி வெளியேற்றும்போதும் இதே முறையைத்தான் கையாள வேண்டும்.

பிளேட் பகுதியைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. மீன் முள் போன்ற வரிகள் கொண்ட பிளேட்டுகளுக்கு இடையே பால் ஓயாமல் திசை மாறுவதால் குறுக்குக் கலவை நன்றாகவும் நெடுக்குப் பரவல் குறைவாகவும் இருக்கிறது. தண்ணீரிலிருந்து பாலுக்கு மாறும் எல்லை இங்கே கூர்மையாகவே நகர்கிறது. வெளியேறும் சூடான பால் உள்ளே வரும் பச்சைப் பாலைச் சூடாக்கும் வெப்ப மீட்புப் பகுதியில் பதப்படுத்திய பாலின் அழுத்தம் பச்சைப் பாலின் அழுத்தத்தைவிட எப்போதும் கூடுதலாக இருக்கும்படி அமைத்து, இரண்டுக்கும் அழுத்தமானி வைத்திருக்கிறார்கள். பிளேட்டில் ஊசித்துளை விழுந்தாலும் பதப்படுத்திய பால்தான் பச்சைப் பாலின் பக்கம் கசியும், எதிர்த்திசையில் கசியாது.

கழுவும் முறையில் ஒரு குறை உண்டு. குழாய்களைக் கழுவும் திரவம் வினாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும் என்பது இத்துறையில் எல்லாரும் ஏற்றுக்கொண்ட அளவு. இந்தக் குழாயில் அந்த வேகம் கிடைக்க மணிக்கு 2,000 லிட்டருக்குச் சற்று மேல் ஓட வேண்டும். பால் ஓட்டும் பம்போ அதில் பாதியைத்தான் தரும். கழுவுவதற்குத் தனிப் பம்பு கூடுதல் விலைப் பட்டியலில் இருக்கிறது. அதை வாங்காமல் இயந்திரத்தை வாங்குவது அரைகுறையான வேலை. அதேபோல, மாதிரி எடுப்பதற்காக ஹோல்டிங் டியூப்புக்கு அடுத்து வைத்திருந்த T வடிவ இணைப்பின் கிளை மிக நீளமாக இருந்தது. முதன்மை ஓட்டம் எட்டிப் பார்க்காத இத்தகைய முட்டுச் சந்துகளில் பால் தேங்கும், கழுவும் காரமும் உள்ளே சரியாகப் போகாது. தங்கும் நேரப் பரவலின் வரைபடத்தில் நீண்ட வாலாகத் தெரிவது இத்தகைய மூலைகள்தான். அந்த வாலில் மாட்டிய பால் மணிக்கணக்கில் இளஞ்சூட்டில் கிடந்து அடுத்த நாள் பாலைக் கெடுக்கும். கிளையின் நீளம் அதன் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் போகாமல் வெட்டிப் பொருத்தச் சொன்னோம், செய்து தந்தார்கள்.

இறுதியாக, விளம்பரத் தாளில் இருக்கும் ஒரு வாசகத்தை நான் ஏற்க மறுக்கிறேன். இதே இயந்திரத்தில் ஐஸ்கிரீம் கலவையையும் பதப்படுத்தலாம் என்று அதில் போட்டிருக்கிறார்கள். ஐஸ்கிரீம் கலவையில் கொழுப்பும் சர்க்கரையும் கெட்டியாக்கும் பொருள்களும் இருப்பதால், பாலைவிடக் கூடுதலான வெப்பமும் நேரமும் தேவை. அமெரிக்க விதிகளில் ஓடும் முறையில் 80 டிகிரியில் 25 வினாடி என்று இருக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல் பிசுக்கம். சூடான நிலையில் கலவையின் பிசுக்கம் 15 மில்லிபாஸ்கல் வினாடி என்று வைத்துக்கொண்டாலே, இந்தக் குழாயில் ரெனால்ட்ஸ் எண் 1,100 அளவுக்கு இறங்கிவிடுகிறது. அது கொந்தளிப்பு ஓட்டம் அல்ல, அடுக்கு ஓட்டம். நடுவில் ஓடும் கலவை சராசரியைப் போல இரு மடங்கு வரை வேகமாகப் போகலாம். 18 வினாடிக் குழாயில் அது 9 வினாடியிலேயே வெளியேறக்கூடும். பாலுக்காகச் சோதித்து முத்திரையிட்ட குழாய் கலவைக்குச் செல்லாது. தண்ணீரில் செய்த உப்புச் சோதனையும் அங்கே எதையும் நிறுவாது, ஏனெனில் தண்ணீர் கொந்தளித்து ஓடும், கலவை வழுக்கி ஓடும்.

அடுக்கு ஓட்டத்துக்கும் வழி இல்லாமல் இல்லை. வளைந்த குழாயில் ஓடும் திரவம் குறுக்கே இரட்டைச் சுழல்களாகப் புரள்வதை டபிள்யூ. ஆர். டீன் 1920களிலேயே கணித முறையில் காட்டினார். அந்தப் புரளலால் சுருள் குழாயில் பரவல் குறுகுகிறது. சுருளின் திசையை இடையிடையே 90 டிகிரி திருப்பினால் பரவல் மேலும் வெகுவாகக் குறுகும் என்பதை டெல்லி ஐஐடியைச் சேர்ந்த சக்சேனாவும் நிகமும் 1984இல் ஆய்வு செய்து வெளியிட்டார்கள். நகரும் பாகம் எதுவும் இல்லாமல், குழாயை வளைக்கும் முறையாலேயே உள்ளே கலவையை உண்டாக்கும் அந்த வடிவம் நம் நாட்டு ஆய்வகத்தில் பிறந்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. சிறு பண்ணைகளுக்கான இயந்திரங்களில் அது இடம்பெற வேண்டும் என்ற ஆசையும் உண்டு.

இதையெல்லாம் எழுதி அனுப்பியபோது, கலவைக்கென்று தனியாக ஒரு சுருள் குழாயும், பாலுக்கும் கலவைக்கும் இடையே மாற்றிக்கொள்ள ஒரு வால்வும் சேர்த்துத் தரத் தயார் என்று தயாரிப்பாளர் பதில் அனுப்பினார். அந்தச் சுருள் வந்தால், கலவையையே ஓட்டி, அதன் மின்கடத்தலுக்கு ஏற்றபடி உப்பின் அளவைத் திட்டமிட்டு அளந்த பிறகே பயன்படுத்துவதாக முடிவு செய்திருக்கிறோம். அதுவரை எங்கள் பண்ணையில் ஐஸ்கிரீம் கலவை அண்டாவிலேயே, கலக்கியைச் சுழலவிட்டு, அரை மணி நேரம் சூட்டில் நிறுத்தித்தான் பதப்படுத்தப்படும்.